முழு மாரத்தான் பயிற்சி: 25 கிலோமீட்டருக்குப் பின் தளர்வது உடலா, மனமா?

வேளச்சேரிப் புதியவன் (ஞாயிறு மாலை)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் முதன்முறையாக முழுத் தூரமும் ஓடுவதற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அரை மாரத்தான் ஓடி முடித்த அனுபவம் உண்டு. ஜூலையில் தொடங்கிய பயிற்சி அக்டோபர் வரை ஒழுங்காகவே சென்றது. ஒரு ஞாயிறன்று 24 கிலோமீட்டர் முடித்தபோது இன்னும் பத்து ஓடலாம் என்ற மிதப்பு இருந்தது. அதே வாரம் செவ்வாய்க்கிழமை வெறும் 8 கிலோமீட்டருக்குக் கால்கள் ஈயமாகக் கனத்தன.

இன்று 28 ஓட வேண்டிய நாள். காந்தி சிலையருகே நாலரை மணிக்குத் தொடங்கி, சாந்தோம், அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் சென்று திரும்பி, மீதித் தூரத்தைக் காமராஜர் சாலையிலேயே மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தேன். 25-ஐத் தாண்டியதும் உழைப்பாளர் சிலைக்கு எதிரே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். வலி என்று சொல்ல எதுவுமில்லை, மூச்சும் முட்டவில்லை. ஆனால் இதெல்லாம் எனக்கு எதற்கு என்ற கேள்வி கண்ணில் நீர் வருமளவுக்கு அழுத்தியது. ஆட்டோ பிடித்து வீடு வந்தேன். குளித்துவிட்டு நான்கு இட்லி சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அந்தத் துயரம் இருந்த இடம் தெரியவில்லை.

உடன் ஓடும் நண்பர், "உனக்கு மன உறுதி போதாது" என்கிறார். அப்படித்தானா? விவரம் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: எடை 70 கிலோ, லாங் ரன் (வாராந்திர நெடுந்தூர ஓட்டம்) வேகம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம், முந்தைய இரவு எட்டு மணிக்குச் சப்பாத்தி, காலையில் ஒரு காபி, வழியில் தண்ணீர் மட்டும். வார நாட்களில் அலுவலகத்திலிருந்து கிளம்பவே இரவு எட்டாகிறது. மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் அலாரம் அடிக்கும்வரை அதை எண்ணியே படுத்திருக்கிறேன்.

அதிகாலைக்காரர் (ஞாயிறு இரவு)

தம்பி, உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. முழு மாரத்தான் ஓடிய எவரையும் கேட்டுப் பாருங்கள், அந்த நடைபாதை விளிம்பு எல்லோருக்கும் ஏதோ ஓரிடத்தில் இருந்திருக்கிறது. சிலருக்குத் தியோசாபிகல் சொசைட்டி மதில், சிலருக்கு ஈ.சி.ஆரில் நிழலே இல்லாத ஏதோ ஒரு பேருந்து நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூர ஓட்டத்தின் நோக்கம் கால்களைப் பழக்குவது மட்டுமன்று. நின்றுவிடு என்று உள்ளிருந்து வரும் குரலை முன்கூட்டியே ஒருமுறை கேட்டு, அதற்கு என்ன பதில் சொல்வது என்று தீர்மானித்து வைப்பதும்தான்.

நான் சில ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கும் வழக்கங்களைச் சொல்கிறேன். நெடுந்தூர ஓட்டங்களில் மூன்றில் ஒன்றையாவது பாட்டுக் கேட்காமல் ஓடுவேன். கடைசி ஐந்து கிலோமீட்டரை வேண்டுமென்றே என் வண்டி நிற்கும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கடக்கும் சுற்றுப்பாதையில் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு சுற்றிலும் வீட்டுக்குப் போய்விடலாமே என்ற ஆசையை மறுத்துப் பழக அது நல்ல இடம். மீதித் தூரத்தை மொத்தமாகப் பார்க்காமல் அடுத்த சிக்னல், அடுத்த பாலம் என்று துண்டு துண்டாகப் பார்ப்பேன். இவை எவையும் ஆய்வுக்கூடத்து அறிவு அல்ல, ஆனால் வேலை செய்கின்றன.

ஆட்டோ பிடித்ததை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். நடந்தாவது அந்த மூன்று கிலோமீட்டரை முடித்திருக்கலாம்.

தசைநாண் (திங்கள் காலை)

மேலே எழுதியவரிடம் மிகுந்த மதிப்பு உண்டு என்றாலும் இந்த விஷயத்தில் உடன்பட முடியவில்லை. நான் பிசியோதெரபிஸ்ட், ஓட்டக்காரர்களின் கால்களைப் பார்ப்பது என் அன்றாடப் பணி. புதியவர் எழுதியதில் மிக முக்கியமான வரி அந்த நான்கு இட்லி. மன உறுதியின்மை இட்லியால் தீராது.

கணக்கைப் பாருங்கள். சமதளத்தில் ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டர் ஓடினால் செலவு 2,950-ஐ ஒட்டி வரும். உடனடியாக எரிக்கக்கூடிய எரிபொருளாகத் தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன், நன்றாகச் சாப்பிட்டிருந்தால் 400 முதல் 500 கிராம், அதாவது 1,600 முதல் 2,000 கிலோகலோரி. கொழுப்பு ஒரு பகுதியை ஈடுகட்டும், ஆனால் அது மெதுவாகவே எரியும். எனவேதான் வழியில் எதுவும் உண்ணாதவர்கள் பலர் 30-ஐ ஒட்டிச் சுவரில் முட்டியதுபோல் நிற்கிறார்கள். புதியவரோ இரவு எட்டு மணிக்குச் சப்பாத்தி சாப்பிட்டவர். கல்லீரலில் இருக்கும் சேமிப்பு தூங்கும்போதே குறைந்துகொண்டு வரும். காலையில் ஒரு காபி அதை நிரப்பாது. அவருக்கு அந்த எல்லை 25-லேயே வந்ததில் வியப்பில்லை.

இரத்தத்தில் சர்க்கரை குறையும்போது முதலில் தடுமாறுவது மூளை. எரிச்சல், அழுகை, எதிலும் பொருளில்லை என்ற எண்ணம் ஆகியவை அப்போது தத்துவக் கேள்விகளைப் போல வேடமிட்டு வருகின்றன. உள்ளிருந்து வரும் குரல் என்கிறார் நண்பர். அந்தக் குரலுக்கு வாதம் செய்து பதில் சொல்வதைவிட, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து கொடுப்பது எளிது. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்கு இருக்கும், ஓடும்போதே உறிஞ்சிக்கொள்ளும் இனிப்புக் கூழான ஜெல் பொட்டலங்கள் பெரும்பாலானவற்றிலும் அவ்வளவே. பசித்தபின் உண்பதற்குப் பதிலாக முதல் மணி நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்க வேண்டும். வயிறும் பயிற்சி பெற வேண்டிய உறுப்பு என்பதால் பந்தய நாளில் புதிதாக எதையும் முயலக் கூடாது.

இரண்டாவது காரணம் சென்னை. நாம் வெயிலுக்குப் பயந்து நாலரை மணிக்கு ஓடுகிறோம், ஆனால் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். மழை ஓய்ந்த நவம்பர் விடியலில் வியர்வை உடலிலேயே வழிந்துகொண்டிருக்கும். ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. வெப்பத்தை வெளியேற்ற இரத்தம் தோலை நோக்கித் திருப்பப்படுவதாலும், வியர்வையால் இரத்தத்தின் நீரளவு குறைவதாலும், அதே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு படிப்படியாக ஏறுகிறது. பெங்களூரில் 7 நிமிட வேகத்தில் பேசிக்கொண்டே ஓடுபவர் இங்கே அதே வேகத்தில் ஓடும்போது பேச முடியாமல் போவது இதனால்தான். கடிகாரம் காட்டும் வேகத்தை மறந்துவிட்டு, முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியே போதும் (திங்கள் நண்பகல்)

நான் அரை மாரத்தானோடு நிறுத்திக்கொண்டவன்; ஆகவே இந்த இழையில் எதிர்க்கட்சி. 42.195 என்ற எண் உடலியலில் இருந்து வந்ததன்று. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கத்தில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த மாடத்தின் முன் முடிப்பதற்காக அமைந்த தூரம், பின்னர் 1921-இல் அதிகாரபூர்வ அளவாக ஏற்கப்பட்டது. அவர்கள் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் முன்னால் போட்டிருந்தால் நம் புதியவருக்கு இவ்வளவு சிரமமில்லை.

கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. தசைநாண் போட்ட கணக்கின்படி உடலில் இருக்கும் சேமிப்பு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் வரைக்குத்தான் வருகிறது. தற்செயலாக நிர்ணயமான தூரம் அதற்குச் சற்று அப்பால் போய் விழுந்திருக்கிறது. முழு மாரத்தானின் கவர்ச்சி முழுவதும் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அது தேவையா என்று ஒருவர் கேட்டால் அதைக் கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள்.

கடலோரப்பெண் (திங்கள் இரவு)

திருவான்மியூரிலிருந்து எழுதுகிறேன். உடலா, மனமா என்ற கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு பதில் உண்டு. ஓர் ஆண்டு முழுப் பயிற்சிக் காலத்தில் எனக்கும் இதே சோர்வு வந்தது. எல்லா ஓட்டமும் மலையேறுவதுபோல் இருந்தது, சிறு விஷயத்துக்கெல்லாம் வீட்டில் சினந்தேன், ஓடுவதன் மீதே வெறுப்பு வந்தது. பயிற்சித் திட்டத்தில் இருக்கும் ஓய்வு நாளைக்கூடச் சோம்பல் என்று எண்ணி அன்றும் ஓடினால் சரியாகிவிடும் என்று தோழிகள் சிலர் சொன்னார்கள். இறுதியில் ஒரு மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் எல்லைக்குள் இருந்தது. ஃபெரிட்டின், அதாவது உடலில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தின் அளவு, மிகவும் தாழ்ந்திருந்தது.

பெண்களுக்கு மாதவிடாயால் இரும்பு இழப்பு உண்டு. அதோடு வியர்வையாலும், தரையில் பாதம் அறைந்துகொண்டே இருப்பதால் சிவப்பணுக்கள் உடைவதாலும் ஓடுபவர்களுக்குக் கூடுதலாக இழப்பு ஏற்படுகிறது. ஹீமோகுளோபின் குறைவதற்கு நெடுநாள் முன்பே சேமிப்பு வற்றத் தொடங்கிவிடும் என்பதால் வழக்கமான பரிசோதனையில் அது சிக்காமல் போகலாம். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சாப்பிடுகிறேனே என்று நான் வாதிட்டேன். தாவர உணவிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே ஏற்கும்; சாப்பாட்டோடு தேநீரோ காபியோ குடித்தால் இன்னும் குறையும்; எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடும் என்று விளக்கினார்கள். மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தாமாக விழுங்க வேண்டாம், மிகையான இரும்பும் தீங்குதான்.

பயிற்சியை ஏற்றிக்கொண்டே உணவைக் குறைப்பவர்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ உண்டு. ஓட்டத்தில் இது சகஜம் என்று பயிற்சியாளர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சகஜமன்று. செலவுக்கு ஏற்ற ஆற்றல் கிடைக்காததால் உடல் ஒவ்வொரு துறையாக மூடிக்கொண்டு வருகிறது என்பதன் அறிகுறி அது. எலும்பு வலுவிழப்பது அதன் தொடர்ச்சி. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்நிலையை விளக்கி ஓர் அறிக்கையே வெளியிட்டது, அதில் ஆண்களையும் சேர்த்தே பேசியது.

ஆண்கள் கணக்கில் கொள்ளாத இன்னொரு களைப்பும் உண்டு. நாலரை மணி இருட்டில் தெருவிளக்கு எரியாத நீளம் எது, நாய்க் கூட்டம் எந்த முனையில் இருக்கும், பின்னால் மெதுவாக வரும் வண்டி ஏன் மெதுவாக வருகிறது என்று முழு ஓட்டத்திலும் கணக்கிட்டுக்கொண்டே ஓடுவதும் ஒரு சுமைதான். குழுவாக ஓடத் தொடங்கியபின் என் வேகம் கூடியது. நான் திடமானதால் அன்று, அந்தக் கணக்கை இறக்கி வைக்க முடிந்ததால்.

இரவுப்பணி (செவ்வாய் அதிகாலை)

ஷிப்ட் முடித்து வந்து இதைப் படிக்கிறேன். புதியவர் எட்டு மணி வரை அலுவலகத்தில் இருப்பதை யாரும் தொடவில்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்றரை மணி நேரம் கவனத்தைக் கோரும் கணினிப் பணியில் ஈடுபட்டவர்களையும், அதே நேரம் சாதாரணமாகப் படம் பார்த்தவர்களையும் சைக்கிள் மிதிக்கவைத்து ஒப்பிட்டார்கள். மூளை களைத்தவர்கள் முன்னதாகவே மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள். இதயத்திலோ தசை ஆற்றலிலோ அதற்கு ஈடான வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அதே உழைப்பு அவர்களுக்குக் கடினமாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

எனவே உடல், மனம் என்று இருவரும் பிரித்து வைத்துச் சண்டையிடுவது எனக்கு விளங்கவில்லை. அன்று முழுவதும் கூட்டங்களில் உட்கார்ந்து மறுநாள் காலை இன்டர்வல் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் கடினப் பயிற்சி) ஓடச் செல்பவர் புத்துணர்வான காலுடனும் களைத்த மூளையுடனும்தான் செல்கிறார். நான் கடினமான ஓட்டங்களை வேலைப்பளு குறைந்த நாட்களுக்கு மாற்றிக்கொண்டேன். மூன்று மணி விழிப்பு எனக்கும் இருந்தது. பயிற்சியைக் கூட்டியும் தூக்கத்தைக் கூட்டாததன் பலன் அது. காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பைப் பாருங்கள். வழக்கத்தைவிடத் தொடர்ந்து சில நாட்கள் உயர்ந்தே இருந்தால் அன்று ஈசி ரன், அதாவது மெதுவான ஓட்டம், அல்லது ஓய்வு.

அதிகாலைக்காரர் (செவ்வாய் காலை)

தசைநாண் எழுதிய கணக்கை ஏற்கிறேன். உண்ணாமல் ஓடச் சொல்லும் ஆள் நானல்ல. ஆனால் எல்லாச் சரிவுக்கும் இரசாயனத்தைக் காட்டினால் ஓர் ஆபத்து உண்டு. எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டோம், இனிச் சிரமம் வராது என்று நம்பி நிற்கும் ஒருவருக்குப் பந்தய நாளின் 35-வது கிலோமீட்டரில் சிரமம் வரும்போது, ஏதோ பிழைபட்டுவிட்டது என்ற பீதியும் சேர்ந்துகொள்கிறது. எத்தனை ஜெல் விழுங்கினாலும் அந்த இடம் கடினமாகத்தான் இருக்கும். கடினமாக இருப்பது பிழையன்று என்பதைப் பயிற்சியிலேயே அறிந்திருக்க வேண்டும்; நான் மனப்பயிற்சி என்று சொன்னது இதைத்தான்.

2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல் வந்து நகரின் பாதி தண்ணீரில் கிடந்தது, பந்தயமோ ஜனவரி முதல் வாரத்தில். பயிற்சியின் உச்ச வாரங்கள் அவை. மின்சாரமில்லாத அடுக்குமாடிகளில் மாடிப்படி ஏறி இறங்கியவர்களைத் தெரியும், வேளச்சேரியில் படகுக்குக் காத்திருந்தவர்களையும் தெரியும். உடலளவில் அந்தப் பத்து நாள் இடைவெளி பெரிதாக எதையும் பறிக்கவில்லை. பல மாதங்கள் சேர்த்த திறன் பத்து நாளில் கரைந்துவிடாது. ஆனால் எல்லாம் போயிற்று என்று முடிவுகட்டி, விட்ட தூரத்தையெல்லாம் ஒரே வாரத்தில் பிடிக்கப் போனவர்கள் காலைக் கெடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கிளைகோஜன் போதுமான அளவு இருந்தது. பொறுமைதான் இல்லை.

டேப்பர் காலத்திலும் இதே கதைதான். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைக்கச் சொன்னால், ஓய்வெடுக்கும் உடலில் இல்லாத வலிகளெல்லாம் முளைக்கும். முழங்கால் குத்தும், தொண்டை கரகரக்கும், மார்கழிப் பனிக்குப் பயந்து காதில் மப்ளர் கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருப்பவர்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் என்ன இரத்தப் பரிசோதனை செய்வீர்கள்?

எரிபொருளா, மனமா என்று ஓடும்போதே அறிய நான் பயன்படுத்தும் முறை எளியது. சரிவு வந்தால் எதையாவது உண்டு, இரண்டு மிடறு குடித்து, பத்து நிமிடம் வேகத்தைத் தணித்து ஓடுவேன். தெளிந்துவிட்டால் அது எரிபொருள். அதன்பின்னும் சலிப்பு மட்டும் இருந்தால் அது மனம், ஓட்டத்தைத் தொடரலாம். தலைசுற்றல், குளிர் நடுக்கம், ஓரிடத்தில் மட்டும் குத்தும் வலி என்றால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. அப்போது ஆட்டோவை நானே கூப்பிடுவேன்.

வேளச்சேரிப் புதியவன் (செவ்வாய் இரவு)

அனைவருக்கும் நன்றி. முதல் பதிவில் எழுதாத ஒன்று: இடது காலில், கணுக்காலுக்கு மேலே எலும்பின் உட்புற ஓரமாக இரண்டு வாரமாக வலி இருக்கிறது. ஓடத் தொடங்கும்போது தெரிகிறது, சூடேறியதும் மறைகிறது. பந்தய நாளில் முன்னெச்சரிக்கையாக ஒரு வலிநிவாரணி போட்டுக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். தண்ணீர் எவ்வளவு குடிப்பது என்பதிலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

தசைநாண் (புதன் காலை)

வலியைப் பற்றி முதலில். பயிற்சியின் சுமைக்கு முதலில் பழகித் தேறுவது தசை. இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதங்கள் தேவை. எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது பழையதை முதலில் கரைத்துவிட்டுப் பின்னரே புதியதைக் கட்டுகிறது. கரைந்து முடிந்து கட்டி முடியாத இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்னைவிட வலுக்குறைந்திருக்கும். மூச்சு எளிதாகிவிட்டதே என்று தூரத்தைச் சட்டென ஏற்றுபவர்கள் மாட்டிக்கொள்வது அந்தக் காலத்தில்தான்.

எலும்பின் ஓரம் நெடுகப் பரவலாக வலித்து, சூடேறியதும் மறைந்தால் பெரும்பாலும் அது ஷின் ஸ்பிளின்ட்ஸ். தூரத்தைக் குறைப்பது, தேய்ந்த காலணியை மாற்றுவது, கெண்டைக்கால் தசையை வலுப்படுத்துவது ஆகியவற்றால் அடங்கும். விரல் நுனியால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்து, ஓட ஓடக் கூடி, ஓய்விலும் இரவிலும் தொடர்ந்தால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கக்கூடும். தொடக்கத்தில் எக்ஸ்-ரேயில் அது தெரியாமல் போவது சகஜம், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். இணையத்தில் என்னைக் கேட்டுத் தீர்மானிக்காமல் இந்த வாரமே நேரில் ஒருவரிடம் காட்டுங்கள்.

வலிநிவாரணி வேண்டவே வேண்டாம். இபுப்ரோஃபென் வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. நீரிழந்து, வெப்பத்தில், மணிக்கணக்கில் ஓடும் உடலில் அது இரட்டிப்பு ஆபத்து. நிறுத்தச் சொல்லும் வலியை மறைத்துவிடும் என்பது தனிக் கேடு.

தண்ணீர் குறைந்தால் தீங்கு என்பது எல்லோருக்கும் தெரியும், மிகுந்தாலும் தீங்கு என்பது பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம், அதாவது தண்ணீர் மிகுந்தால் இரத்தத்தில் நீர்த்துப்போகும் உப்புச்சத்து, இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும் அது அதிகம் காணப்பட்டது. ஐந்து மணி நேரம் ஓடப்போகும் நமக்குத்தான் இந்த எச்சரிக்கை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடமைக்காகக் குடிக்காமல் தாகத்துக்குக் குடியுங்கள். சென்னையில் சிலருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்க்கும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் உங்கள் அளவு தெரியும். வெறும் தண்ணீரோடு ஓ.ஆர்.எஸ். கரைசலையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம். உப்புப் போட்ட நீர்மோர் ஓட்டம் முடிந்தபின் அருமையானது. நடுவில் குடித்து வயிற்றைக் கலக்கிக்கொண்டவர்களும் உண்டு.

கடலோரப்பெண் (புதன் மாலை)

மனத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், அதிகாலைக்காரர் ஐயாவின் பக்கமும் கொஞ்சம் நிற்க வேண்டும் என்பதால். பந்தயம் முடிந்த பிறகு வரும் வெறுமையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆறு மாதம் எத்தனை மணிக்குத் தூங்குவது, எந்தத் திருமணத்துக்குப் போகாமல் இருப்பது, தீபாவளிப் பலகாரத்தில் எத்தனை உண்பது என்று எல்லாவற்றையும் தீர்மானித்த ஒன்று ஒரே காலையில் முடிந்துவிடுகிறது. மறுநாள் பதக்கம் மேசையில் கிடக்கும், படி இறங்கக் கால் வராது, மனம் எதிலும் ஒட்டாது. என் கணவர், "முடித்துவிட்டாயே, இன்னும் ஏன் முகம் இப்படி?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. சில வாரங்களில் அது தானாகவே கலைந்தது. கலையாமல் நீடித்தால் அதை ஓட்டத்தின் கணக்கில் எழுதாமல் மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஓடும்போது வரும் இன்பத்துக்கு எண்டார்ஃபின் காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகுவதில்லை என்பதால், உடலே உருவாக்கும் கஞ்சா ஒத்த பொருட்கள் மீது இப்போது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியிருக்கிறது. காரணம் எதுவானாலும், அந்த 24 கிலோமீட்டர் மிதப்பையும் அதே வாரத்துச் செவ்வாயையும் வைத்து உங்களை நீங்களே எடைபோட வேண்டாம், தம்பி. வீட்டிலிருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளை எப்போது திருப்பித் தரப்போகிறீர்கள் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவையுங்கள்.

வேளச்சேரிப் புதியவன் (அடுத்த வாரம், ஞாயிறு நண்பகல்)

எலும்பில் விரிசல் இல்லை, ஷின் ஸ்பிளின்ட்ஸ்தான் என்றார்கள். வார நாள் ஓட்டங்களைப் பாதியாகக் குறைத்து, ஓட்டத்துக்குப் பதிலாகச் சைக்கிள் மிதித்தேன். பிசியோ அனுமதித்ததால் இன்று பெசன்ட் நகர் சுற்றுப்பாதையில் 26 ஓடினேன். முந்தைய இரவு ஏழு மணிக்குச் சோறு, காலை மூன்றரைக்கு இரண்டு பிரெட் துண்டும் தேனும், வழியில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு ஜெல், ஓ.ஆர்.எஸ். ஒரு பாட்டில். வேகத்தை வேண்டுமென்றே ஏழரை நிமிடமாகக் குறைத்தேன்.

25-ல் எதுவும் நடக்கவில்லை. அதற்கு முன்பே, 21-ல், அதே கேள்வி ஒருமுறை எட்டிப் பார்த்தது. வாழைப்பழம் சாப்பிட்டுப் பத்து நிமிடம் மெதுவாக ஓடினேன். முழுவதும் போகவில்லை, கொஞ்சம் மிச்சமிருந்தது. அதோடே ஓடி முடித்தேன். இருவரில் யார் சொன்னது சரி என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. ஃபெரிட்டின் முடிவு செவ்வாய்க்கிழமை வரும்.

ஒரு கேள்வி: கால் ஒத்துழைத்தால் டிசம்பரில் ஒரு 30 ஓடத் திட்டம். அதற்கு மேல் 34, 36 என்று போக வேண்டுமா?

அதிகாலைக்காரர் (ஞாயிறு மாலை)

இந்தக் காலுடன் வேண்டாம். ஒரே ஒரு 30, அதுவும் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னதாக. நான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும் பயிற்சி ஓட்டம் தரும் பலனைவிட வாங்கும் களைப்பு அதிகம். தசைநாண் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

தசைநாண் (ஞாயிறு இரவு)

மறுக்கவில்லை. வலி திரும்பினால் அந்த 30-ம் வேண்டாம்.

பாதியே போதும் (ஞாயிறு இரவு)

30 ஓடும் நாளில் கடைசிப் பத்துக்கு நான் கூட வருகிறேன், எனக்கு அவ்வளவுதான் கொள்ளும். எலியட்ஸ் கடற்கரையில் ஆறே முக்காலுக்கு நிற்பேன். முடித்ததும் பொங்கல் என் செலவு. வருவதற்குள் வடை தீர்ந்திருந்தால் என் பொறுப்பல்ல.